சாக்லேட் ஸ்டவுட்டை ருசிக்கத் தெரிந்துகொள்ள: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாக்லேட் ஸ்டவுட் என்பது வறுத்த மால்ட்டில் காய்ச்சும், சாக்லேட் சுவை தரும் கரிய பீர். அதை முதல்முறை வாங்கிக் குடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "கருகின வாசனைதான் வருது, சாக்லேட்டைக் காணோம்." ஏழெட்டுப் பவுண்ட் கொடுத்து வாங்கிய கேனில் பாதி சிங்க்கில் போய்விடுகிறது. பெரும்பாலும் பீர்மேல் தப்பே இருக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும்போது, காரமான சைடிஷ்ஷைக் கடித்துக்கொண்டு, பெரிய வாயாகக் குடித்திருப்பார்கள். அந்த நிலையில் எவ்வளவு நல்ல ஸ்டவுட்டும் கசப்பை மட்டும்தான் காட்டும்.

வாங்குவதிலிருந்து கடைசி மடக்கு வரை செய்யவேண்டியதை வரிசையாகக் கீழே கொடுத்திருக்கிறோம். 18 வயது நிரம்பியவர்களுக்கான கட்டுரை இது. கர்ப்பமாக இருப்பவர்கள், மெட்ரோனிடசோல் போல மதுவோடு ஒத்துப்போகாத மருந்து எடுப்பவர்கள், அன்றைக்குக் கார் ஓட்ட வேண்டியவர்கள் இதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. லேபிளில் "சாக்லேட்" என்றிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது?

வாங்கும் முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சாக்லேட் ஸ்டவுட் என்ற பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது.

முதல் வகையில் சாக்லேட்டே கிடையாது. பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். அதை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுத்துக் கரும்பழுப்பாக்கினால் அதற்குச் சாக்லேட் மால்ட் என்று பெயர். நிறத்தை வைத்து வந்த பெயர்தான். ஆனால் வறுபடும்போது கோகோ, காபி, வறுத்த பருப்பு ஆகியவற்றின் வாசனைகள் அதில் உண்டாகின்றன. கோகோ கொட்டையை வறுக்கும்போது நடக்கிற அதே வேதிவினைகள் இங்கேயும் நடப்பதுதான் காரணம். நியூயார்க்கின் புரூக்ளின் நிறுவனம் 1994 முதல் காய்ச்சிவரும் பிளாக் சாக்லேட் ஸ்டவுட் இதற்கு நல்ல உதாரணம். ஆல்கஹால் 10 சதவீதம், சாக்லேட் துளிகூட இல்லை. முழுக்க மால்ட்டின் வேலை.

இரண்டாவது வகையில் உண்மையான கோகோ சேர்க்கிறார்கள். கோகோ எக்ஸ்ட்ராக்ட், கோகோ பவுடர், டார்க் சாக்லேட், அல்லது வறுத்து உடைத்த கோகோ நிப்ஸ். யார்க்ஷயரில் டாட்காஸ்டர் ஊரிலுள்ள சாமுவேல் ஸ்மித்தின் ஆர்கானிக் சாக்லேட் ஸ்டவுட்டில் கோகோ எக்ஸ்ட்ராக்டும் கரும்புச் சர்க்கரையும் சேர்கின்றன. யங்ஸ் டபுள் சாக்லேட் ஸ்டவுட்டில் சாக்லேட் மால்ட்டும் டார்க் சாக்லேட்டும் இரண்டும் உண்டு. "டபுள்" என்பதற்கு அர்த்தம் அதுதான்.

மூன்றாவது, இனிப்புப் பண்டம் போலவே காய்ச்சப்படும் "பேஸ்ட்ரி ஸ்டவுட்". கோகோ நிப்ஸோடு வெனிலா, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, சில சமயம் தேங்காய், மேப்பிள் சிரப் எல்லாம் சேரும். பீர் ஈஸ்ட்டால் லாக்டோஸை நொதிக்க வைக்க முடியாது என்பதால் அந்த இனிப்பு அப்படியே தங்கிவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோகோ நிப்ஸில் சர்க்கரை இல்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் சாக்லேட் மில்க்‌ஷேக் வாசனை வரும், வாயில் வைத்தால் சர்க்கரை போடாத கோகோவின் கசப்பும் துவர்ப்பும் வரும். மூக்கு சொன்னதை நாக்கு மறுக்கிறதே என்று திகைக்க வேண்டாம். இனிப்பாகவே வேண்டுமென்றால் லேபிளில் "மில்க் ஸ்டவுட்", "பேஸ்ட்ரி", "வெனிலா" ஆகிய சொற்களைத் தேடுங்கள். "இம்பீரியல்" என்ற சொல் இனிப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆல்கஹால் அதிகம் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் வீகன்களும் கவனியுங்கள்: இங்கிலாந்தில் பீருக்கு முழு மூலப்பொருள் பட்டியல் போடவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பார்லி, கோதுமை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கேனின் பின்பக்கத்தில் "பால்" என்றிருந்தால் லாக்டோஸ் சேர்ந்திருக்கிறது. ஸ்டவுட்டின் அடிப்படையே குளூட்டன் உள்ள பார்லி என்பதால் குளூட்டன் ஆகாதவர்களுக்கு இந்த வகையே சிக்கல்.

2. கையில் வைத்திருக்கவேண்டிய ஆவணம்

சட்டப்படி வயது 18. ஆனால் கடைகளும் பப்களும் "சேலஞ்ச் 25" என்ற முறையைப் பின்பற்றுகின்றன. 25 வயதுக்குக் கீழே இருப்பதாகத் தோன்றினால் வயதுக்குச் சான்று கேட்பார்கள். முப்பதைத் தாண்டியவர்களிடமும் கேட்பதுண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அசல் பாஸ்போர்ட் எங்கும் செல்லும். பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம் (பழகுநர் உரிமம் உட்பட), பாஸ் (PASS) முத்திரையுள்ள வயதுச் சான்று அட்டை இரண்டும் செல்லும். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமங்களையும் பல்கலைக்கழக அடையாள அட்டையையும் நம்பிப் போகாதீர்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு, பெரும்பாலும் மறுத்துவிடுவார். போனில் எடுத்த பாஸ்போர்ட் படமும் உதவாது. தினமும் பாஸ்போர்ட்டைச் சுமந்து திரிவது ஆபத்து. அதனால் வந்த முதல் மாதத்திலேயே பழகுநர் உரிமத்துக்கோ பாஸ் அட்டைக்கோ விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஆன்லைனில் வாங்கினால் பொட்டலம் கொண்டுவருபவர் வாசலில் வயதுச் சான்று கேட்பார். வீட்டில் ஆள் இல்லையென்றால் திருப்பி எடுத்துப்போவார், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அங்கே கடைகளில் மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரைதான்.

3. முதலில் எதை வாங்குவது, எவ்வளவு ஆகும்?

முதல் பாட்டிலே 12 சதவீத இம்பீரியலாக இருக்கக் கூடாது. நாக்கு பழகுவதற்குள் ஆல்கஹாலின் சூடு எல்லாவற்றையும் மறைத்துவிடும். கீழே சொல்லும் வரிசையில் ஏறுங்கள்.

தொடக்கத்துக்கு 4.5 முதல் 5.5 சதவீதம். ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் நகரத்து டைட்டானிக் புரூவரியின் சாக்லேட் அண்ட் வெனிலா ஸ்டவுட் 4.5 சதவீதம், மென்மையானது. சாமுவேல் ஸ்மித் 5 சதவீதம், யங்ஸ் 5.2 சதவீதம். இந்த மூன்றில் எதில் தொடங்கினாலும் சரி. எங்களைக் கேட்டால் சாமுவேல் ஸ்மித்: அதில் கோகோ வாசனை தெளிவாக, தனியாகத் தெரியும், புதியவருக்குப் பிடிபடும். பெரிய பாட்டிலுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 பவுண்ட் ஆகும்.

அடுத்து 8 முதல் 10 சதவீதம். மிச்சிகன் மாநிலத்தின் ஃபவுண்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட் 8.3 சதவீதம். ஓட்ஸ், சாக்லேட், காபி மூன்றும் சேர்ந்தது. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். பெரிய ஆலையில் காய்ச்சுவதால் அதைக் கிராஃப்ட், அதாவது சிறு ஆலைகளின் கைவண்ண பீர், என்று சொல்ல முடியாது. ஆனாலும் கோகோ சேர்க்காமலே டார்க் சாக்லேட் சுவை எப்படி வருகிறது என்பதைக் குறைந்த விலையில் கற்றுத்தரும் பீர் அது. தமிழ்க் கடைகள் உள்ள பகுதிகளில் தேடினால் கிடைக்கும்.

பேஸ்ட்ரி வகையும், போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறவைத்த வகையும் கடைசி. 330 அல்லது 440 மி.லி. கேன் ஏறக்குறைய 6 முதல் 10 பவுண்ட், பீப்பாயில் ஊறியது அதற்கும் மேல். விலை இப்படி எகிறுவதற்குக் காரணங்கள் உண்டு. மால்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும், தொட்டியில் பல மாதம் கிடக்கவேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் ஆல்கஹால் அளவைப் பொறுத்து வரி போடுகிறார்கள், 8.5 சதவீதத்தைத் தொட்டதும் விகிதம் கூடுகிறது. அதனால்தான் 8.4 சதவீதத்தில் நிற்கும் ஸ்டவுட்டுகள் இப்போது நிறையக் கண்ணில் படுகின்றன.

அதிகப் பணம் போடாமல் பழக வேண்டுமானால் பப்புக்குப் போங்கள். மூன்றில் ஒரு பங்கு பைண்ட், அதாவது 189 மி.லி., சட்டப்படியான அளவு. "தர்ட்" என்று கேட்டால் பல கிராஃப்ட் பார்களில் கிடைக்கும். கைப்பம்பில் இறக்கும் காஸ்க் பீர் என்றால், வாங்கும் முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். காஸ்க் பீரில் இன்னொரு வசதி: அது 11 முதல் 13 டிகிரியில்தான் வரும். ஸ்டவுட்டின் வாசனை வெளிவர அது போதும். குளிரூட்டிய குழாயிலிருந்து வரும் கெக் பீர் என்றால் மேசையில் கொஞ்ச நேரம் வைக்கவேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கனமான ஸ்டவுட்டுகள் அதிகம் வெளிவரும். கோடையில் தேடினால் கடையில் இருப்பது போன குளிர்கால மிச்சமாக இருக்கலாம்.

4. தேதியைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

பிரிட்டிஷ் பீர்களில் "இந்தத் தேதிக்குள் குடித்தால் நல்லது" என்ற தேதி இருக்கும். அமெரிக்க பீர்கள் பலவற்றில் அடைத்த தேதி இருக்கும், அதுவும் மாதம் முதலில், நாள் பின்னால். 03/04 என்பது அங்கே மார்ச் 4, இங்கே ஏப்ரல் 3. அடைத்த தேதியைக் காலாவதித் தேதி என்று நினைத்து நல்ல பீரை விட்டுவிடுபவர்கள் உண்டு. பழைய பீரைப் புதிதென்று வாங்குபவர்களும் உண்டு.

5 சதவீத ஸ்டவுட்டை அடைத்து ஆறு மாதத்துக்குள் குடிப்பது நல்லது. கோகோ, வெனிலா, காபி சேர்த்தது எவ்வளவு கனமாக இருந்தாலும் சீக்கிரம் குடியுங்கள். அந்த வாசனைகள்தான் முதலில் மங்கும். அதிலும் காபி கெட்டுப்போனால் குடைமிளகாய் வாசனை வரும். மால்ட்டை மட்டும் நம்பிய இம்பீரியல் ஸ்டவுட்டுகள் வருடக்கணக்கில் தாங்கும்.

5. வெளியே எடுத்து வைக்கும் நேரம்

எல்லாப் படிகளிலும் அதிக வித்தியாசம் காட்டுவது இதுதான். குளிர் கூடினால் வாசனைப் பொருள்கள் ஆவியாகி மூக்குக்கு வராது, இனிப்பு மட்டுப்படும், கசப்பும் கருகலும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. 5 சதவீத ஸ்டவுட்டுக்கு வேண்டியது 8 முதல் 10 டிகிரி. இம்பீரியலுக்கு 12 முதல் 14.

அறை 20 டிகிரியில் இருந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 330 மி.லி. பாட்டில் 10 டிகிரிக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். 13 டிகிரிக்கு வர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பெரிய பாட்டிலுக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் குத்து வெப்பமானி இருந்தால், ஊற்றிய பின் கிளாஸில் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் ஒரு வழி: கிளாஸைத் தொட்டால் குளிர்ச்சி தெரியவேண்டும், ஆனால் வெளிப்பக்கம் முத்துமுத்தாக வியர்க்கக் கூடாது.

மைக்ரோவேவிலோ வெந்நீரிலோ வைத்துச் சூடேற்றாதீர்கள், நுரை பொங்கி வெளியே வந்துவிடும். ஐஸ் கட்டி போடவே போடாதீர்கள்.

பாட்டிலிலேயே நொதிக்கவிட்ட வகையாக இருந்தால், முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள், ஈஸ்ட் அடியில் படியும்.

6. கிளாஸ்

மேல்வாய் சற்றுக் குறுகி, வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும். ட்யூலிப், பிராந்தி கிளாஸ், சாதாரண ஒயின் கிளாஸ் எதுவானாலும் சரி, இதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. நேர்ச்சுவர் பைண்ட் கிளாஸில் வாசனை சிதறிப்போகும். ஃப்ரீசரில் வைத்து உறைபனி பிடித்த கிளாஸ் வேண்டாம்.

சுத்தம் முக்கியம். சமையல் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் நுரை நிற்காது. கழுவிய கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். திட்டுத்திட்டாகப் பிரிந்தால் இன்னொருமுறை கழுவுங்கள். துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். ஊற்றிய பின் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றாலும் கிளாஸ் அழுக்கு என்றுதான் பொருள்.

7. நாக்கையும் மூக்கையும் தயார்செய்ய

ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை பாக்கு, புதினா மிட்டாய், பற்பசை எதுவும் வேண்டாம். காரச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், 10 சதவீத ஸ்டவுட்டோ தொண்டையைச் சுட்டுவிடும். வெறும் வயிறும் கூடாது. தயிர்சாதம், இட்லி, பிரெட் போல எதையாவது லேசாகச் சாப்பிட்டிருங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிப்பு வாசனை உள்ள அறையில் உட்காராதீர்கள்.

"சாக்லேட்" என்று மனதில் இருப்பது பெரும்பாலும் பால் சாக்லேட்டின் சுவை. ஸ்டவுட்டில் அது அரிது. சிறு சிறு கிண்ணங்களில் சர்க்கரை இல்லாத கோகோ பவுடர், 70 சதவீத டார்க் சாக்லேட், காபித்தூள், கருக வாட்டிய பிரெட் ஓரம், உலர்திராட்சை, கருப்பட்டி ஆகியவற்றை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து அடையாளம் சொல்லிப் பழகுங்கள். பதினைந்து நிமிடம் போதும். இந்த ஆறு வாசனைகளும் தனித்தனியாகப் பிடிபட்டால், ஸ்டவுட்டில் இருப்பதில் பெரும்பகுதி பிடிபடும்.

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கான கடையில் சாக்லேட் மால்ட்டும் வறுத்த பார்லியும் சிறிய அளவில், சில பவுண்டுக்குக் கிடைக்கும். இரண்டிலும் நாலைந்து தானிய மணிகளை மென்று பாருங்கள். சாக்லேட் மால்ட் பொரபொரவென்று உதிர்ந்து உலர்ந்த கோகோவாகக் கரையும். முளைகட்டாமல் வறுத்த பார்லி கெட்டியாகக் கடிபடும், கூர்மையான காபிக் கசப்பு வரும். எந்தச் சுவை எதிலிருந்து வருகிறது என்பது இதற்குப் பிறகு குழம்பாது.

8. ஊற்றுவது

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பக்கச் சுவரில் மெதுவாக ஊற்றுங்கள். பாதி வந்ததும் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரம் நுரை வரட்டும். கிளாஸில் 100 முதல் 120 மி.லி.க்கு மேல் வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். ஈஸ்ட் படிந்த பாட்டிலில் கடைசி ஒரு செ.மீ. அளவை விட்டுவிடுங்கள்.

நைட்ரஜன் வாயு சேர்த்து அடைத்த நைட்ரோ கேனுக்கு இதற்கு நேர்மாறு. உள்ளே சின்ன பிளாஸ்டிக் உருண்டை கலகலவென்று சத்தம் போடும். திறந்ததும், கேன் முழுவதையும் கொள்ளும் கிளாஸில் ஒரே மூச்சில் தலைகீழாக ஊற்றவேண்டும். மெதுவாக ஊற்றினால் நைட்ரஜன் குமிழிகள் எழும்பாது, நுரையும் சப்பென்று போகும். நைட்ரோ வாயில் கிரீம் போல இருக்கும், ஆனால் வாசனை சற்று மங்கலாகத்தான் வரும். அதனால் முதல் ருசிக்குச் சாதாரண பாட்டில் நல்லது.

மூடியை மெழுகில் முக்கியெடுத்த பாட்டில் என்றால் மெழுகை உரிக்க மெனக்கெட வேண்டாம். மெழுகோடு சேர்த்தே ஓப்பனரைப் போட்டு நெம்புங்கள், பிறகு பாட்டிலின் வாயில் ஒட்டிய துணுக்குகளை ஈரத்துணியால் துடையுங்கள்.

9. ருசிப்பது: முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்

ஊற்றியவுடன் முகருங்கள். முதல் அரை நிமிடத்தில் எழும் வாசனை பிறகு திரும்ப வராது. நீளமாக இழுக்காமல், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை. மூக்கு மரத்துப்போனால் உங்கள் புறங்கையை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள்.

பிறகு பாருங்கள். கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தால், லேசான ஸ்டவுட்டின் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். இம்பீரியல் வெளிச்சத்தையே விடாது. நுரை பழுப்பாக, பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். கோகோ அதிகம் சேர்ந்த ஸ்டவுட்டில் நுரை சீக்கிரம் அடங்கினால் பதற வேண்டாம், கோகோக் கொழுப்பு நுரையைக் கெடுக்கும்.

முதல் மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது மடக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு. நாலைந்து நொடி வாயில் வைத்து எல்லாப் பக்கமும் படவிடுங்கள், விழுங்குங்கள், வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். சாக்லேட் வெளிப்படுவது பெரும்பாலும் இந்த வெளிமூச்சில்தான். வாயிலிருந்து ஆவி பின்பக்கமாக மூக்குக்கு ஏறும்போது கோகோ தனியாகப் பிரிந்து வரும். ஒயின் ருசிப்பவர்களைப் போலத் துப்பிவிட்டால் இது முழுதாகக் கிடைக்காது.

ஸ்டவுட் இளகுவதைப் பின்தொடருங்கள். 8 டிகிரி அளவில் வறுவலும் கசப்பும் முன்னால் நிற்கும்: காபி, கருகிய ரொட்டி. கால் மணி நேரம் கழித்து 11, 12 டிகிரியில் கோகோ பவுடர் தெரியத் தொடங்கும், கசப்பின் முனை மழுங்கும், வாயில் கனம் கூடியதுபோல இருக்கும். இன்னும் கால் மணி நேரத்தில், 14 டிகிரியை ஒட்டி, உலர்திராட்சை, கருப்பட்டி, வெனிலா, பீப்பாய் மரம் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். பத்துப் பன்னிரண்டு சதவீத ஸ்டவுட் 16 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். அப்போது கிளாஸை ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நேரம் போதவில்லையென்றால் கிண்ணப் பகுதியை உள்ளங்கையில் ஏந்திச் சூடேற்றலாம்.

விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல சாக்லேட் ஸ்டவுட்டில் கசப்பு அடங்கிய பின்னும் கோகோ தங்கும். இனிப்பு மட்டும் பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டி, கோகோ மறைந்துவிட்டால், அது சர்க்கரையில் நிற்கும் பீர். லாக்டோஸும் வெனிலாவும் கொட்டி, மால்ட்டில் உள்ள ஓட்டையை மறைக்கும் ஸ்டவுட்டுகள் இப்போது அதிகம். முதல் இரண்டு வாய் பிரமாதமாக இருக்கும், பாதி கிளாஸில் திகட்டிவிடும். வாங்கும் முன் ஒரு தர்ட் குடித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

குறிப்பு எழுதுங்கள். பெயர், ஆல்கஹால் அளவு, தேதி, விலை, ஊற்றியபோது என்ன வாசனை, அரை மணி கழித்து என்ன, கடைசியில் எது நின்றது. நான்கு வரி போதும்.

10. கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. சோயா சாஸ் வாசனை வந்தால் அதிக நாள், அதுவும் வெக்கையில் கிடந்திருக்கிறது. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை என்றால் ஈஸ்ட் வேலையை முடிக்காமலே அடைத்துவிட்டார்கள், அல்லது பாரில் குழாய் அழுக்கு. பச்சை ஆப்பிள் வாசனையும் அவசரமாக அடைத்ததன் அடையாளமே. திறந்ததும் நிற்காமல் பொங்கி, வாயில் புளிப்பும் ஏறினால் வேண்டாத நுண்ணுயிர் புகுந்திருக்கிறது. லேபிளில் "சவர்" என்றிருந்தால் மட்டும் புளிப்பு வேண்டுமென்றே செய்தது.

கருகல் கசப்பு கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ஆனால் சாம்பலை நக்கியதுபோலத் தொண்டையில் கரகரத்தால் வறுத்த மால்ட் அளவு மீறிவிட்டது, காய்ச்சியவரின் பிழை.

பப்பில் இப்படி வந்தால் இரண்டு வாய்க்குள் கவுன்ட்டருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், பெரும்பாலும் மாற்றித்தருவார்கள். முக்கால் கிளாஸ் குடித்துவிட்டுப் போனால் பேச்சு எடுபடாது. கடையில் வாங்கியதென்றால் ரசீது, தேதி அச்சிட்ட பகுதியின் படம், மீதி பீரோடு பாட்டில் மூன்றையும் வைத்திருங்கள்.

11. கூட என்ன சாப்பிடலாம்?

ருசி பார்க்கும்போது உப்பில்லாத பிஸ்கட்டும் குளிரூட்டாத தண்ணீரும் போதும். ஊறுகாய், மிக்ஸர், சில்லி சிக்கன் எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

முடித்த பிறகு சேர்த்துச் சாப்பிடுவதற்கு ஒரு கணக்கு உண்டு: இனிப்புப் பண்டம் ஸ்டவுட்டைவிட இனிப்பாக இருந்தால் ஸ்டவுட் வெறும் கசப்பாகிவிடும். குலாப் ஜாமூன், ஜாங்கிரி பக்கத்தில் எந்த ஸ்டவுட்டும் நிற்காது. 70 சதவீத டார்க் சாக்லேட், வறுத்த முந்திரி, ஸ்டில்டன் சீஸ், வெனிலா ஐஸ்கிரீம் எல்லாம் நன்றாகப் பொருந்தும். நம் பண்டங்களில் எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் சேரும். வறுத்த எள்ளும் வறுத்த மால்ட்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

12. எவ்வளவு குடிக்கலாம்?

இங்கே ஆல்கஹாலை யூனிட்டில் கணக்கிடுகிறார்கள். மி.லி. அளவை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வரும். 5 சதவீத ஸ்டவுட் ஒரு பைண்ட், 568 மி.லி., ஏறக்குறைய 2.8 யூனிட். 11 சதவீத கேன் ஒன்று, 440 மி.லி., 4.8 யூனிட். பிரிட்டிஷ் சுகாதார ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் மூன்று நாளோ கூடுதலோ எனப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறது. இனிப்பும் கனமும் ஆல்கஹாலை மறைப்பதால், பேஸ்ட்ரி ஸ்டவுட்டில் ஏறுவது தெரியாமல் ஏறிவிடும். ஒரு கேனை மூன்று பேர் பங்கிடுவது சரியான வழி. செலவும் ஆளுக்கு மூன்று பவுண்டோடு போய்விடும். ஒரே மாலையில் மூன்று வகைக்கு மேல் வைக்காதீர்கள். ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு என்ற வரிசையில் போங்கள். அன்றைக்குக் கார் சாவியைத் தொடாதீர்கள். சட்ட வரம்பு இங்கிலாந்தைவிட ஸ்காட்லாந்தில் இன்னும் குறைவு.

13. மீதியும் சேமிப்பும், ஊருக்கு எடுத்துப்போவதும்

திறந்த பாட்டிலை நல்ல மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். காற்று போனாலும் வீணில்லை: சாக்லேட் கேக் மாவில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம்.

திறக்காததை நிமிர்த்தி, இருட்டான, 10 முதல் 13 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள். ஹீட்டர் பக்கமும் சமையலறை அலமாரியும் ஆகாது.

இந்தியாவுக்கு எடுத்துப்போனால், வயது வந்த பயணி ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மது. ஒயின், பீர் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 330 மி.லி. பாட்டில் ஆறு என்றால் 1,980 மி.லி., சரியாக அடங்கும். 24 சதவீதத்துக்குள் இருப்பதால் விமானத்தின் செக்-இன் பெட்டியில் ஆல்கஹால் காரணமாகத் தடை இல்லை. கைப்பையில் வைத்தால் பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டு, துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ரசீதைக் கையில் வைத்திருங்கள். குஜராத், பீகார் வழியாகப் போகிறவர்கள் எடுத்துப்போகவே வேண்டாம், அங்கே மதுவிலக்கு. சென்னை வெயிலில் காரின் டிக்கியில் ஒரு பகல் கிடந்தால் கோகோ வாசனை மங்கத் தொடங்கிவிடும். விமான நிலையத்திலிருந்து நேரே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். குடிக்கிற அன்றைக்கு, அறை 30 டிகிரி இருந்தால் வெளியே எடுத்து வைக்கும் நேரம் பாதியாகக் குறையும்: லேசானதற்குக் கால் மணி, இம்பீரியலுக்கு இருபத்தைந்து நிமிடம்.